முதல் முறை கோழி வளர்க்கப் போகிறேன்: கிராமஸ்ரீ, கிராமப்ரியா, பிவி 380, எது சரிவரும்?

பனைமரத்தடி:

வணக்கம். எங்கள் ஊர் எருத்தேம்பதி. பாலக்காடு மாவட்டம்தான், வீட்டில் தமிழ்தான். பின்கட்டில் எட்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மேற்கோரம் ஒரு பனை. பாட்டி இருந்தவரை நாட்டுக்கோழிகள் அங்கே மேய்ந்துகொண்டே இருக்கும். பாட்டி போனபின் ஆறு வருடமாக முட்டை கடையில்தான்.

போன ஐப்பசியில் தெருவில் வண்டியில் குஞ்சு விற்க வந்தவரிடம் பத்து வாங்கினேன். கிராமப்ரியா, எல்லாம் பெட்டை என்று சொன்னார். முதல் வாரத்திலேயே நான்கு செத்துப்போயின. மீதி ஆறில் ஐந்து சேவல். என் மகளுக்கு நான்கு வயது. பத்துக்கும் பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் குறையக் குறைய அவள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த முறை சரியாகச் செய்ய வேண்டும்.

எட்டு அல்லது பத்துக் கோழி போதும். முட்டைதான் முக்கியம், கறிக்கு இல்லை. நான் தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பகலில் அம்மா மட்டும் இருப்பார், அவருக்கு முழங்கால் வலி, ஓடிப் பிடிக்க முடியாது. கீரி உண்டு, இரவில் மரநாயும் வரும். ஒருவர் வனராஜா என்கிறார், ஒருவர் பிவி 380 என்கிறார். வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் அக்கா:

தம்பி, அந்தக் குஞ்சுகள் உங்கள் பராமரிப்புக் குறைவால் போயிருக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முட்டைக்கோழி பொரிப்பகங்களில் முதல் நாளே பெட்டையையும் சேவலையும் பிரித்துவிடுவார்கள். முட்டையிடாத சேவல் குஞ்சு அவர்களுக்குத் தேவையில்லை, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வண்டியில் வருவதில் பெரும்பகுதி அதுதான். சாயம் பூசியும் கொண்டுவருவார்கள். தடுப்பூசி போட்டதா என்று கேட்டால் போட்டாயிற்று என்பார்கள், அதற்கு ஒரு சாட்சியும் கிடையாது.

நான் பதினோரு வருடமாக வளர்க்கிறேன். உங்கள் நிலைமைக்கு என் பதில் கிராமஸ்ரீ. அது கிடைக்காவிட்டால் கிராமப்ரியா. ஒரு நாள் குஞ்சு வேண்டவே வேண்டாம், 45 நாளுக்கு மேல் 60 நாளுக்குள் வளர்ந்ததை வாங்குங்கள். ஒரு நாள் குஞ்சைப்போல நாலைந்து மடங்கு விலை இருக்கும், இருக்கட்டும். அந்த வயதில் கொண்டையைப் பார்த்தாலே சேவலா பெட்டையா என்று தெரிந்துவிடும். பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டி வளர்க்கும் கண்டமும் தாண்டியிருக்கும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரம் 5 டிகிரி குறைக்க வேண்டும். பகலில் அம்மா மட்டும் இருக்கும் வீட்டில் அந்த வேலை கஷ்டம். நம் பக்கம் அரசின் அனுமதியோடு ஒரு நாள் குஞ்சை வாங்கி வளர்த்து விற்கும் எக்கர் நர்சரிகளில் இந்த வயதுக் குஞ்சுகள் கிடைக்கும். மிருகாஸ்பத்திரியில் கேட்டால் எங்கே என்று சொல்வார்கள். தடுப்பூசிச் சீட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள்.

வனராஜாவை ஏன் சொல்லவில்லை என்றால், நான் தொடங்கியதே அதில்தான். ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய இனம், முட்டைக்கும் கறிக்கும் ஆனது. பார்க்க அழகு, உடம்பு கனம். எங்கள் வீட்டில் வருடத்துக்கு நூறு முட்டையைத் தாண்டியதே இல்லை. பங்குனி சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மத்தியானம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கீரி துரத்தினால் சின்ன உடம்புக்காரி மதிலேறிவிடுவாள், இவளால் முடியாது. கறியும் வேண்டும் என்பவர்களுக்கு வனராஜா நல்ல கோழி, உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

கிராமப்ரியாவும் அதே ஐதராபாத் இயக்ககத்துடையதுதான், ஆனால் முட்டைக்கென்றே செய்தது. முற்றத்தில் விட்டு வளர்த்தால் 160 முதல் 180 வரை இடும். கிராமஸ்ரீ நம் திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் உருவானது, கேரளத்து முற்றத்துக்கென்றே செய்தது. இரண்டின் முட்டையும் தவிட்டு நிறம். கிராமலட்சுமியும் மண்ணுத்திதான். ஆஸ்ட்ரலார்ப் சேவலையும் வெள்ளை லெகார்ன் பெட்டையையும் சேர்த்து வந்தது, வெள்ளை உடம்பில் அங்கங்கே கறுப்பு இறகு இருக்கும். கிடைத்தால் அதையும் வாங்கலாம்.

சமையலறைத் தேதித்தாளில் தினமும் முட்டைக் கணக்கை எழுதிவிடுவேன். போன வருடம் ஏழு கிராமஸ்ரீயிடமிருந்து 1,214 முட்டை. பக்கத்திலேயே மேயும் என் நாட்டுக்கோழிகள் ஆளுக்கு ஐம்பது, அறுபது. அதற்காக நாட்டுக்கோழியைக் குறைத்துப் பேச மாட்டேன். இந்தக் கலப்பினங்கள் அடை உட்காராது. அந்தக் குணத்தை எடுத்துவிட்டுத்தான் முட்டையைக் கூட்டியிருக்கிறார்கள். அடைக்கு நாட்டுக்கோழிதான் வேண்டும். ஆனால் கிராமஸ்ரீ முட்டையை அடைவைத்தால் வரும் குஞ்சு தாயைப்போல முட்டை இடும் என்று எண்ணாதீர்கள். கலப்பின வீரியம் அடுத்த தலைமுறைக்கு அப்படியே இறங்காது. முட்டை குறையும்போது மறுபடி புதுக்குஞ்சு வாங்க வேண்டியதுதான்.

இனத்தைவிடக் கூட்டைப்பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கூடு. சாதாரண அறுகோணக் கம்பிவலை வேண்டாம். மரநாய் கையை விட்டுத் தலையை இழுத்துவிடும். நான் ஒரே இரவில் மூன்றை இழந்தது அப்படித்தான். அரை அங்குல வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த சதுரக் கம்பிவலை போடுங்கள். அம்மா குனியாமல் முட்டை எடுக்கிற மாதிரி முட்டைப் பெட்டியை வெளிப்பக்கம் இடுப்பு உயரத்தில் வையுங்கள், மேல்மூடி திறந்தால் போதும். சாயங்காலம் ஒரே நேரத்தில் கூட்டுக்குள் தீவனம் வைத்தால் ஒரே வாரத்தில் தானாக வந்து ஏறும். ஓடிப் பிடிக்கும் வேலையே இருக்காது.

தீவனத்தில் ஒன்று. முட்டையிடத் தொடங்கும் முன், முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் கொடுக்காதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுவரை வளரும் கோழிக்கான குரோயர் தீவனம்தான். முட்டை தொடங்கியபின் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள், வேண்டியதை அதுவே தின்னும். அப்புறம், உங்கள் பாட்டி கட்டாயம் செய்திருப்பார்கள்: பழம்பானைக்குள் நனைத்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்துச் சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். அதற்கு ஈடான தீனி எந்த மூட்டையிலும் இல்லை.

சித்தூர் மாடிவீடு:

நான் மாடியில் கூண்டு வைத்துப் பிவி 380 வளர்க்கிறேன், 24 கோழி. அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பிவி மோசமான கோழி இல்லை. இடமே இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. முதல் வருடம் கோழிக்கு 280 முட்டைக்குக் குறையவில்லை. ஆனால் அத்தனையும் வாங்கிப்போட்ட தீவனத்தின் முட்டை. ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம். பத்துக் கோழி என்றால் மாதம் 33 கிலோ. ஒரு நாள் தீவனம் தவறினால் முட்டையில் தெரிந்துவிடும். வெயில் காலத்தில் மதியம் இரண்டு முறை சாக்கை நனைத்துத் தொங்கவிட வேண்டும். அதை யார் செய்வது என்று பாருங்கள்.

ஆசைக்கு ஆறு கோழியை ஒருமுறை உறவினர் தோட்டத்தில் மேயவிட்டேன். அலகு வெட்டிய கோழிகள் அவை, மண்ணில் கிடந்த தானியத்தைப் பொறுக்கவே சிரமப்பட்டன. இருட்டியும் கூட்டுக்கு வரத் தெரியாமல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. எட்டு சென்ட் மண் இருக்கும் உங்களுக்கு அது வேண்டாம் தம்பி.

பனைமரத்தடி:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கரையான் பானை என்றதும் அவர் முகமே மாறிவிட்டது, பானை தேட எழுந்துவிட்டார். கிராமஸ்ரீ எட்டு என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம். பழைய பத்தில் மிஞ்சிய ஒரே பெட்டை இருக்கிறது. மகள் வைத்த பெயர் வெள்ளச்சி. நான்கு மாதம் ஆகிறது, இன்னும் முட்டை தொடங்கவில்லை. தடுப்பூசி ஏதும் போட்டதாகத் தெரியவில்லை. புதுக்குஞ்சுகளோடு சேர்க்கலாமா? விற்றுவிடு என்கிறார்கள், எனக்கு மனது வரவில்லை.

வேலந்தாவளம் அக்கா:

விற்காதீர்கள். அத்தனையும் தாண்டி நின்றவள் அவள், இருக்கட்டும்.

ஆனால் உடனே சேர்க்க வேண்டாம். முதலில் வெள்ளச்சிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்குப் போடும் ஊசி அது, முட்டை தொடங்கும் முன்னால் போடுவது நல்லது. மருந்துக் குப்பியில் நூறு கோழிக்காவது போடும் அளவு இருக்கும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் மிருகாஸ்பத்திரியில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு, அக்கம்பக்கத்துக் கோழிகளையும் சேர்த்துக் காலையிலேயே கொண்டுபோங்கள். கையோடு குடற்புழு மருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுக்குஞ்சுகள் வந்தபின் இரண்டு வாரம் தனியாக இருக்கட்டும். தண்ணீர்ச் சட்டியும் தனி. அம்மா முதலில் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு அப்புறம் வெள்ளச்சியிடம் போகட்டும், மாற்றிப் போக வேண்டாம். மூன்றாவது வாரம் நடுவில் வலை வைத்து ஒருவரையொருவர் பார்க்க விடுங்கள். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, எல்லாம் தூங்கியபின், வெள்ளச்சியைத் தூக்கி அவர்கள் கூட்டுக் கழியில் வைத்துவிடுங்கள். பகலில் விட்டால் கொத்திக் குதறிவிடுவாள், வயதில் மூத்தவள்.

மாசி முடிவதற்குள் குஞ்சு வாங்கிவிட்டால் ஆனிக் கடைசியில் முதல் முட்டை பார்க்கலாம். அந்த நேரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து நேராக அடிக்கும். கூட்டின் மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டிவிடுங்கள், ஓலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.