வாய் மரத்துப்போக வைக்கிற மருந்து: தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்?

கோவை செவிலி:
எல்லாருக்கும் வணக்கம். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்குற குழந்தைங்களோட அம்மா அப்பாவுக்குக் குடுக்க ரெண்டு பக்க நோட்டீஸ் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட முழுங்க முடியாத பிள்ளைங்களுக்கு டாக்டர் எழுதித் தர்ற லிக்னோகெயின் 2% இருக்குல்ல, பாகு மாதிரி கெட்டியா இருக்குமே, அதுக்குத்தான் பேர் வேணும். நான் முதல்ல "உணர்வகற்றும் வாய்கழுவுநீர்"னு போட்டேன். ஒரு அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா, "பல்லு வெளக்கினதும் ஊத்திக் கொப்பளிக்கணுமா சிஸ்டர்"னு கேட்டாங்க. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு.

மதுரைத் தமிழாசிரியர்:
அம்மா, கையிலயே சொல் இருக்கு. கால் மரத்துப்போச்சுன்னு தினம் சொல்றோம். மரம் மாதிரி ஆகுறது மரத்தல், மரப்பாச்சி பொம்மைக்கு உணர்ச்சி ஏது? அதனால "மரப்பி"ன்னு வைங்க. நிரப்பி, எழுப்பி எல்லாம் ஏத்துக்கிட்டோம்ல, இதுவும் நிக்கும்.

நாகர்கோவில் வாசகர்:
ஐயா, நிரம்புக்குப் பிறவினை நிரப்பு, அதோட இகரம் சேர்ந்து நிரப்பி. ஆனா மர-வுக்குப் பிறவினையே மரப்பி தானே, நட நடப்பி மாதிரி. அப்ப "மரப்பி"ன்னா மரக்கச் செய்னு ஏவுறதாத்தான் ஆகும், பொருளோட பேரா ஆகாது. "மரப்பு மருந்து"ன்னு ரெண்டு சொல்லா வச்சா இந்தச் சிக்கலே இல்ல.

யாழ்ப்பாணத்து அன்பர்:
எங்கட பக்கம் மரக்கிறது எண்டு ஆரும் சொல்லுறேல்ல, விறைச்சுப்போச்சு எண்டுதான் சொல்லுவம். பல்லுப் பிடுங்க முதல் போடுறது விறைப்பூசி. புழக்கத்தில இருக்கிற சொல்லை விட்டிட்டு ஏன் புதுசாத் தேடுறியள்? "விறைப்பு மருந்து" எண்டு போடுங்கோ.

குழந்தை டாக்டர்:
அண்ணே, உங்க சொல் நல்ல சொல்தான், ஆனா இந்த நோட்டீஸ்ல வேண்டாம். இந்த மருந்து உடம்புல அதிகமா ஏறினா குழந்தைக்கு வலிப்பு வரும், கை கால் விறைக்கும். தமிழ்நாட்டு அம்மா ஒருத்தங்க "விறைப்பு மருந்து"ன்னு படிச்சிட்டு, பிள்ளை நிஜமா விறைக்கும்போது மருந்து வேலை செய்யுதுன்னு பாத்துட்டு உக்காந்திருந்தா என்ன ஆகுறது?

கணக்கும் சொல்லிடுறேன். 2%ன்னா ஒரு மில்லியில 20 மில்லிகிராம், 5 மில்லி டீஸ்பூன்ல 100. பத்து கிலோ குழந்தைக்கு அது ரொம்ப அதிகம். மூணு வயசுக்குக் கீழ டாக்டரே எழுதினாலும் ஒரு தடவைக்கு 1.2 மில்லிக்கு மேல கூடாது, அடுத்ததுக்கு மூணு மணி நேரமாவது இடைவெளி வேணும், 12 மணி நேரத்துல நாலு தடவைதான். அதையும் பஞ்சுக்குச்சியில தொட்டுப் புண்ணு மேல வைக்கணும், ஏன்னா அந்த வயசுக் குழந்தைக்குக் கொப்பளிச்சுத் துப்பத் தெரியாது, அப்படியே முழுங்கிடும். பல்லு முளைக்குற வலிக்கு இதைத் தடவவே கூடாது. அமெரிக்க மருந்துத் துறை 2014ல கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டுச்சு, அப்ப அவங்க பார்த்த 22 குழந்தைங்க அஞ்சு மாசத்துலேர்ந்து மூன்றரை வயசு வரைக்கும் உள்ளவங்க, சில குழந்தைங்க இறந்தும் போச்சு. அதனால பேர்ல "கொப்பளிப்பு", "கழுவுநீர்" ரெண்டுமே வரக்கூடாதுங்கிறது என் கட்சி.

மதுரைத் தமிழாசிரியர்:
அப்ப "கவளம்"? ஆயுர்வேதத்துல வாய் நிறைய வச்சு அசையாம இருக்குறது கண்டூஷம், உள்ள சுழட்டுறது கவளம். யானைக்குக் குடுக்குற கவளமும் வாயளவுதான். அளவைச் சொல்ற சொல் இது. இன்னொண்ணு, அந்தக் "கெயின்" வாலும் கோகெயின்லேர்ந்து வந்தது, கோக்கா இலையை மென்னா நாக்கு மரக்கும். நம்ம அக்கரகாரம், கிராம்பு எல்லாம் அதே வேலை பண்றதுதானே, அதுலேர்ந்து ஏதாவது…

குழந்தை டாக்டர்:
ஐயா, கவளம்னா வாய் நிறையன்னு ஆயிடும், இங்க வேண்டியது குச்சி நுனியளவு. கிராம்பைப் பேர்ல வச்சா வீட்ல கிராம்பு எண்ணெயைப் பச்சைக் குழந்தைக்குத் தடவிடுவாங்க, அதுவும் ஆபத்து. கடையில கிடைக்குற பென்சோகெயின் ஜெல்லும் ரெண்டு வயசுக்குள்ள கூடாது, ரத்தம் ஆக்சிஜன் எடுத்துட்டுப் போக முடியாம உதடு நீலம் பாரிச்சிடும்.

கோவை செவிலி:
ராத்திரி பன்னெண்டு ஆச்சு, நாளைக்கு எனக்கு டியூட்டி. நாகர்கோவில்காரர் சொன்ன "மரப்பு மருந்து"க்கு முன்னால வாய் சேர்த்து "வாய் மரப்பு மருந்து"ன்னு போடுறேன். பாட்டில்ல லிக்னோகெயின்னோ லிடோகெயின்னோ இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்னு பக்கத்துலயே எழுதிடுறேன். கீழ தடித்த எழுத்துல: டாக்டர் சொன்ன அளவை ஊசியில்லாத சிரிஞ்சுல அளந்து எடுங்க, ஸ்பூன் வேண்டாம். போட்டப்புறம் ஒரு மணி நேரம் சோறு தண்ணி குடுக்காதீங்க, தொண்டை மரத்திருக்கும், புரையேறும். பிள்ளை தூங்கி வழிஞ்சாலோ நடுங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க.

நாகர்கோவில் வாசகர்:
நல்லா இருக்கு அக்கா. மரப்புக்கு ஒரு "ப்" விட்டுப்போனா மரபு மருந்து ஆயிடும், அச்சுல பாத்துக்கோங்க.

யாழ்ப்பாணத்து அன்பர்:
டொக்டர் சொன்ன காரணம் விளங்குது, உங்கட வார்டுக்கு அது சரி. ஆனா இதைப் பொதுச் சொல்லாப் பட்டியல்ல ஏத்தாதேங்கோ. எங்கட தாய்மாருக்கு மரப்பு எண்டா ஒண்டும் விளங்காது. நான் ஒத்துக்கொள்ளேல்ல எண்டு எழுதி வையுங்கோ.