எங்கள் முயல் கிடைத்த கதை: தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவலாம்

முயலைக் காணோம் என்றதும் எல்லாரும் தெருவில் இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். நாய்க்கு அது சரி. முயல் பயந்துவிட்டால் மூச்சு காட்டாது, இருக்கிற சந்தில் இன்னும் உள்ளே போய் ஒடுங்கிக்கொள்ளும். இன்னொன்று, வீட்டு முயல் பெரும்பாலும் தூரம் போவதில்லை. பக்கத்திலேயே இருட்டான ஓர் இடம் பார்த்துப் பதுங்கிவிடும். எங்கள் லட்டுவும் அப்படித்தான்.

பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் கொளுத்திய நேரம். கொல்லைக் கதவுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியே போயிருந்தது. சாம்பல் நிறம், சோவியத் சின்சில்லா வகை. கொடைக்கானல் மன்னவனூர் பண்ணையில் குளிரில் வளர்க்கிறார்களே, அதே இனம். நாய், பூனை, கீரியைவிட எனக்கு வெயில்தான் பெரிய பயம். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும்.

தெருவில் கிடைத்த ஆறுதல் வார்த்தைகளைச் சொல்லவே வேண்டாம். "இந்நேரம் யாராவது குழம்பு வச்சிருப்பாங்க" என்றார் ஒருவர், மகள் பக்கத்தில் நிற்கும்போதே. இன்னொரு தம்பி காட்டு முயல் ஒன்று பிடித்துத் தருவதாகச் சொன்னான். அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, பிடிப்பதே குற்றம் என்று சொல்லி அனுப்பினேன்.

துப்பு கிடைத்தது புழுக்கையில். எங்கள் தெருவில் ஆடுகள் மேய்வதால் எங்கே பார்த்தாலும் புழுக்கைதான். ஆனால் ஆட்டுப் புழுக்கை கொஞ்சம் நீளமாக, கறுத்து, பளபளவென்று இருக்கும். முயலுடையது காய்ந்த பட்டாணி மாதிரி உருண்டை. குச்சியால் அழுத்தினால் பொடிந்து உள்ளே புல் நார் தெரியும். பக்கத்து மனையில் வீடு கட்ட ஹாலோ பிளாக் அடுக்கியிருந்தார்கள். அதன் நிழல் பக்கமாக அந்த உருண்டைகள் வரிசையாகக் கிடந்தன. சற்றுத் தள்ளி அருகம்புல் சாய்வாக, கத்தரியால் வெட்டியதுபோல் நறுக்கப்பட்டிருந்தது.

உடனே கல்லைப் பிரிக்கலாம் என்றார் கொத்தனார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு கல் சரிந்தாலும் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். முயல் சுறுசுறுப்பாவது விடியலிலும் அந்தி மசங்கும் நேரத்திலும்தான். அதனால் சாயங்காலம் வரை காத்திருந்தோம்.

மகள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கொத்தமல்லிக் கட்டு இருந்த கவரை மட்டும் லேசாகச் சரசரத்தாள். லட்டுவுக்கு அந்தச் சத்தம் தெரியும். முதலில் உள்ளேயிருந்து பின்னங்காலால் 'டொக்'கென்று தட்டும் சத்தம் வந்தது. அப்புறம் மூக்கு. எனக்கோ எட்டிப் பிடித்துவிடலாமா என்று கை பரபரத்தது. எதிர்வீட்டு ஆச்சிதான் தடுத்தார்கள். "எய்யா, வெரட்டாத. அதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கோழி மூடுகிற பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தழையை இழுத்துத் தின்ன லட்டு முழுசாக வெளியே வந்ததும் ஆச்சி அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். வலை, கயிறு என்று நாங்கள் போட்ட திட்டமெல்லாம் அதற்குமுன் ஒன்றுமில்லை.

பஞ்சாரத்துக்குள் இருந்து எடுக்கும்போதும் கவனம் வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்து உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைத் தாங்காமல் விட்டால் உதறுகிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் காதைத் துடைத்துவிட்டு, நிழலில் தண்ணீர் வைத்தோம். சூடு தணியட்டும் என்று குளிர்ந்த நீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். வால் பக்கம் ரோமத்தை விலக்கி, ஈ முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் புழு வைக்க ஒரு நாள் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், அது தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்பது. அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் குடல் ஓட்டம் நின்றுபோயிருக்கலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். லட்டு அன்று இரவே அகத்திக்கீரையில் வாய் வைத்துவிட்டது.

உங்களுடையது பெண் முயலாக இருந்தால் இன்னொரு விஷயம். அக்கம்பக்கத்தில் யாராவது ஆண் முயலை வெளியே விட்டு வளர்க்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள். முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிப்படும், அதனால் ஒரு சந்திப்பே போதும். சுமார் 31 நாளில் குட்டிகள் வந்துவிடும்.