வட்டிக்கே இவ்வளவு போகும்போது இன்னொரு ஏலக்கூடம் எதற்கு?

கேள்வி: பாக் நீரிணைக் கரைவாசி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட மீனவக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் அரசு செலவில் மீன் ஏலக்கூடம் ஒன்று கட்டினார்கள். அது நிற்கும் இடத்தில் கடல் ஆழமின்றிச் சேறாக இருப்பதால், நீர் வற்றும் நேரத்தில் வல்லங்கள் (நாட்டுப் படகுகள்) அங்கே அணைய முடிவதில்லை. பெண்கள் இன்றும் தெற்கே தள்ளி, மணலில் தார்ப்பாய் விரித்துத்தான் மீனைக் கூறு வைத்து விற்கிறார்கள். கூடத்தின் இரும்புக் கதவை உப்புக்காற்று அரித்துவிட்டது. குழாயில் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. இந்நிலையில் அதற்கு அருகிலேயே இன்னொரு கூடம் கட்டக் கிராமசபையில் தீர்மானம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். மாநிலத்தின் கடன் ஏறிக்கொண்டே போகும்போது இதை எதிர்ப்பது கடமை என்று கருதுகிறேன். ஆனால் ஊருக்கு வருவதைக் கெடுக்கிறேன் என்றும், நாளை மீன்பிடித் தடைக்காலத்தில் அரசு தரும் நிவாரணத்தையும் வேண்டாம் என்பேன் என்றும் பேசுகிறார்கள். எதை எதிர்ப்பது, எப்படி எதிர்ப்பது?

மறுமொழி: ஓய்வுபெற்ற கணக்கர், ராமநாதபுரம்

ஐயா, தங்கள் கவலை நியாயமானது. 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி, 2026 மார்ச் 31 அன்று தமிழ்நாட்டின் நிலுவைக் கடன் ஏறத்தாழ 9.30 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டில் வட்டிக்கு மட்டும் 70,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. சாலை, பாலம், துறைமுகம், கட்டடம் அனைத்தும் அடங்கிய மூலதனச் செலவுக்கு ஒதுக்கியதோ சுமார் 57,000 கோடிதான். அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் விழும் வருவாய்ப் பற்றாக்குறை 41,000 கோடிக்கு மேல். அதாவது, வாங்கும் கடனில் ஒரு பெரும்பகுதி அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது. இன்ஜின் வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் பிடிக்கிற மீனிலிருந்து அதை அடைத்துவிடலாம், வீட்டு அரிசிக்கு முன்பணம் பெற்றவரோ அந்த வியாபாரி சொல்லும் விலைக்கே மீனைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பதை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கடனையே எதிர்க்கிறேன் என்று சொல்லாதீர்கள். திருப்பிச் செலுத்தும் வலுவைத் தராத கடனை எதிர்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

மறுமொழி: விசைப்படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

கணக்கர் ஐயா சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அதே மதிப்பீட்டை மாநிலத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் கடன் சுமார் 26 விழுக்காடுதான். மத்திய நிதிக்குழு அந்த ஆண்டுக்கு வகுத்த வரம்புக்குள்தான் இருந்தது. கிணற்று நீர் உவர்த்துப்போன இந்த மாவட்டத்துக்குத் திருச்சியிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர 600 கோடிக்கு மேல் செலவிட்டார்கள். அதை எவரும் வீண் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகாதே என்று சட்டம் போட்ட அரசு, அந்நாட்களில் நிவாரணம் தருவது கடமையே அன்றிச் சலுகை அன்று.

வீணானதற்கு உதாரணம் வேண்டுமானால் 2017-ல் தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டத்தைப் பாருங்கள். படகு ஒன்றுக்கு 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கைப்பணம் 10 என்று வகுத்து, மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாக அறிவித்தார்கள். அந்த இலக்கின் கிட்டக்கூட வரவில்லை. பாக் நீரிணையில் ஒருநாள் தொழில் செய்து பழகியவர்கள் பல நாள் தங்கி ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் பல தூண்டில்கள்) போடக் கற்க வேண்டும். படகு அணைய ஆழமான துறை வேண்டும். வங்கித் தவணையும் கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் முதலில் எங்களிடம் கேட்டிருக்கலாம். தங்கள் ஊர் ஏலக்கூடத்தின் கதையும் இதுதான்: மீனவரைக் கேட்காமல் இடம் குறித்திருக்கிறார்கள்.

மறுமொழி: முன்னாள் ஊராட்சி உறுப்பினர், கீழக்கரைப் பகுதி

வழிமுறையைச் சொல்கிறேன். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்துக்கு முன்பே எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று மட்டும் எழுதினால் தீர்மானம் நிறைவேறிவிடும். பழைய கூடத்துக்குத் தண்ணீர் இணைப்பும் கதவும் பொருத்த எவ்வளவு ஆகும், புதியதற்கு எவ்வளவு ஆகும், அதற்கான பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது, ஆண்டுப் பராமரிப்பை யார் ஏற்பார்கள் என்று கேளுங்கள். வல்லம் அணையும் இடத்தில் ஒரு கூரையும் குடிநீரும் போதும் என்ற மாற்றுத் தீர்மானத்தை மீன் விற்கும் பெண்களைக் கொண்டே முன்மொழியச் செய்யுங்கள். அவர்கள் பேசினால் ஊருக்கு வருவதைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சு எடுபடாது.

அதோடு 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, பழைய கூடத்தின் திட்ட மதிப்பீடு, அளவுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பணி முடிவுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நடந்த பணியை நேரில் பார்வையிடும் உரிமையையும் அச்சட்டம் தருகிறது. மதிப்பீட்டில் தண்ணீர் இணைப்புக்குத் தொகை எழுதியிருந்தால், அது எங்கே போயிற்று என்ற கேள்வியைச் சபையில் முதலில் வையுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நிவாரணத்தைத் தொடாமல், பழைய கூடத்தின் மதிப்பீட்டையும் மாற்றுத் தீர்மானத்தையும் மட்டும் மனுவில் வைக்கிறேன். தகவல் உரிமை விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். பதில் கிடைத்ததும் அந்தத் தொகையை இங்கே பதிவிடுகிறேன்.