9 கிழமைக் குட்டி கூட்டுக்குள்ள நிக்குதில்லை: இரவெல்லாம் குழறுது, மூலையில சலம் பெய்யுது

கரடிப்போக்கு_22

ஊர்நாய்க் குட்டி ஒண்டு, பெட்டை, 9 கிழமை, 4 கிலோ. தாயை விட்டு வந்து மூண்டு நாள். வேலியில பொட்டுகள் கனக்க, றோட்டும் கிட்ட, இருட்டினாப் பிறகு புடையன் பாம்பு உலாவிற இடம். அதால இரவிலையும் ஆக்கள் இல்லாத நேரத்திலையும் கூட்டுக்குள்ள விட்டுப் பழக்க வேணும்.

கூடு வெல்டிங் கடையில அடிச்சது. 36 அங்குல நீளம், 24 அகலம், 27 உயரம். 2 அங்குலக் கண் மெஷ், அடித்தளமும் மெஷ்தான். அதுக்கு மேல உரப்பை விரிச்சிருக்கு. முன் விறாந்தையில தகரக் கூரைக்குக் கீழ நிக்குது.

சிக்கல் மூண்டு. இரவு 9 மணிக்குத் திறாங்கு போட்டா விடியுமட்டும் குழறுது. ஒரு மூலையில சலம் பெய்து, வெளிக்கும் போயிட்டு, மற்ற மூலையில போய்ப் படுக்குது. பகலில தூக்கி உள்ளுக்கு விடப்போனா காலை ஊண்டிக்கொண்டு கையைக் கடிக்குது. சாப்பாடு காலையும் இரவும் பாலும் பாணும், மத்தியானம் சோறும் மீனும்.

குழறேக்க திறக்கக்கூடாது எண்டு சிலர் சொல்லினம், சங்கிலியில கட்டினாக் காணும் எண்டு வேற சிலர். எது சரி?

முறிகண்டி_வளவு

குட்டியில பிழை இல்லைத் தம்பி, கூட்டில இருக்கு. முதல்ல அதைத் திருத்துவம், பழக்கிறதை மற்றவை சொல்லுவினம்.

அளவு. 36 அங்குலம் வளந்த நாய்க்குச் சரி, இப்ப கூடிப்போச்சு. நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தாது எண்ட குணத்தை வைச்சுத்தான் கூட்டுப் பழக்கமே நடக்குது. ஒரு மூலை கக்கூசாயும் மற்ற மூலை படுக்கையாயும் பிரிக்கிற அளவுக்கு இடம் இருந்தா அந்தக் குணம் வேலை செய்யாது. மூக்கில இருந்து வால் தொடங்கிற இடம் மட்டும் அளந்து 4 அங்குலம் கூட்டுங்கோ. 4 கிலோக் குட்டிக்கு 18 அங்குலத்துக்குக் கிட்ட வரும். அந்த இடத்தில ஒரு பிளைவூட் பலகையைக் கூட்டின்ர முழு உயரத்துக்கும் நிறுத்தி, மெஷ்ஷோட நாலு இடத்தில கம்பியால இறுக்குங்கோ. கம்பி முனையளைக் கூட்டுக்கு வெளிப்பக்கமா மடக்கி விடோணும், உள்ளுக்கு நீட்டினா கண்ணைக் குத்தும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா அளந்து பலகையைத் தள்ளுங்கோ.

கண். 2 அங்குலக் கண்ணுக்குள்ள இந்த வயசுக் குட்டி கீழ்த்தாடையையும் முன்னங்காலையும் விட்டுச் சிக்கும். அடியில இருந்து 12 அங்குலத்துக்கு உள்பக்கமா 1 அங்குல மெஷ் அடியுங்கோ. கோழிவலை வேண்டாம். இரண்டு நாளில கடிச்சுப் பிரிச்சுப்போடும், பிரிஞ்ச கம்பி பல்முரசைக் கிழிக்கும்.

அடித்தளம். மெஷ்ஷில நிண்டா விரல் விரிஞ்சு உள்ளங்கால் புண்ணாகும். நோகிற இடத்துக்குள்ள எந்தக் குட்டியும் விரும்பிப் போகாது. அடியளவுக்குப் பலகை வெட்டிப் போட்டு, அதுக்கு மேல சறுக்காத றப்பர் பாய் போடுங்கோ. வெறும் பலகை எண்டா சலத்தை உறிஞ்சி வைச்சிருக்கும்.

உரப்பையை இண்டைக்கே எடுங்கோ. உர மிச்சம் ஒரு பக்கம். மற்றது அந்த இழையளைக் கடிச்சு விழுங்கினா குடலை அடைச்சு, கடைசியில வயித்தை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். சணல் சாக்கும் பன்பாயும் இதே கதைதான். பழைய பருத்திச் சாறம் ஒண்டைக் கரை அடிச்சு விரியுங்கோ. அதையும் பிச்சுத் தின்னத் தொடங்கினா ஒண்டும் விரியாமல் றப்பர் பாயோட விடுங்கோ.

இடம். தகரத்துக்குக் கீழ வைக்கிறது இரவுக்குக் கூடப் பிழை, பகலில உயிராபத்து. மத்தியானம் 12 மணிக்குக் கூட்டுக் கம்பியைத் தொட்டுப் பாருங்கோ, கை சுட்டா உள்ளுக்கு அடுப்புத்தான். நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது, இளைச்சுத்தான் சூட்டை விடும். அசையாத சூட்டுக் காத்தில எவ்வளவு இளைச்சும் பிரயோசனம் இல்லை. வீட்டுக்குள்ள, யன்னல் காத்து குறுக்கால வாற இடத்தில, நிலத்தில வையுங்கோ. ஆடி ஆவணியில சோளகம் வீசேக்க காத்து வாற பக்கத்தை மட்டும் புழுதிக்கு மறையுங்கோ. நாலு பக்கமும் சீலை மூடுறது எந்தக் காலத்திலயும் வேண்டாம். தண்ணிக் கோப்பையைக் கம்பியோட கொழுவி விடுங்கோ, நிலத்தில வைச்சா கவிட்டுப்போட்டு ஈரத்தில படுக்கும்.

நிக்காமல் இளைச்சு, வீணி தடிப்பா வடிஞ்சு, முரசு கடும் சிவப்பாகி, நடக்கேக்க தள்ளாடினா அது வெக்கை அடிச்சது. ஐஸ் வைக்காதேங்கோ. சாதாரண கிணத்துத் தண்ணியை உடம்பில ஊத்தி, விசிறிக்கு முன்னால பிடிச்சு, உடன மிருக வைத்தியரிட்டக் கொண்டு போகோணும்.

சங்கிலி எண்டு சொல்லுறவைக்கு: இந்த வயசில கழுத்து எலும்பு பிஞ்சு. சுத்துப்பட்டா அவிழ்க்க ஆள் வேணும், பாம்பு வந்தா விலகி ஓடவும் ஏலாது. அதே காரணத்தால கூட்டுக்குள்ள விடேக்க கழுத்துப் பட்டியைக் கழட்டுங்கோ. நாவூறுக்குக் கட்டின கறுப்பு நூலையும் சேத்துத்தான். மெஷ் முனையில கொழுவினா சுருக்கு.

நெடுங்கேணி_அக்கா

கூட்டை அவர் வடிவாச் சொல்லிப்போட்டார். இனிக் குட்டியின்ர பக்கம்.

முதல்ல பாலை நிப்பாட்டுங்கோ தம்பி. தாய்ப்பால் மறந்த குட்டியளில கனக்கத்துக்குப் பசுப்பால் செமிக்காது. பால்மாவும் அப்படித்தான். வயித்தால போகிற குட்டி அடக்க நினைச்சாலும் ஏலாது, பிறகு கூட்டைக் குறை சொல்லி என்ன. 12 கிழமை மட்டும் ஒரு நாளைக்கு நாலு தரம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ: குழையக் காய்ச்சின சோறு, முள்ளெடுத்த மீன் இல்லாட்டி கோழி, அவிச்ச முட்டை. உப்பு, தூள், வெங்காயம் போட்ட கறி வேண்டாம். கடைக் குட்டிச்சாப்பாடு வாங்க ஏலுமெண்டா இன்னும் நல்லது. கடைசிச் சாப்பாடு 7 மணிக்குள்ள முடியோணும்.

தூக்கி உள்ளுக்குத் தள்ளுறதையும் இண்டையோட விடுங்கோ. கூட்டுக்குள்ள தானாப் போகோணும். கதவைக் கம்பியால பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கோ, தற்செயலா அடிபட்டுச் சாத்தினா நாலு நாள் வேலை போச்சு. அவிச்ச கோழி ஈரலைக் கச்சான் பருப்பின்ர அரைவாசி அளவுக்கு வெட்டி வைச்சிருங்கோ. கருவாடு வேண்டாம், உப்பு. முதல்த் துண்டு வாசலில, அடுத்தது ஒரு சாண் உள்ளுக்கு, பிறகு பின்பக்கம். எடுத்துக்கொண்டு வெளிய ஓடி வந்தா வரட்டும், மறிக்காதேங்கோ. ஒரு தரத்துக்குப் பத்துத் துண்டு, ஐஞ்சு நிமிசம், நாளைக்கு நாலு தரம். உங்கட குட்டி ஏற்கனவே பயந்திருக்கிறபடியா இதுக்கே இரண்டு மூண்டு நாள் எடுக்கும்.

நாலு காலும் உள்ளுக்கு வைச்சு நிக்கத் தொடங்கினா, சாப்பாட்டுக் கோப்பையைப் பின்பக்கம் வைச்சு, தின்னேக்க கதவைச் சாத்தி, தின்டு முடிய முதல் திறவுங்கோ. முடிஞ்ச பிறகு திறந்தா அதுக்குள்ள கதவைச் சுரண்டப் பழகிப்போடும். பிறகு 10 செக்கன், 30 செக்கன், 1 நிமிசம், 3 நிமிசம் எண்டு நீட்டலாம். இடைக்கிடை நேரத்தைக் குறைச்சும் விடோணும், எப்பவும் கூடிக்கொண்டே போனா குட்டிக்கு அது பிடிபட்டுப்போடும். ஐஞ்சு நிமிசம் பேசாமல் கிடந்தாத்தான் அறையை விட்டு வெளிய போய்ப் பாருங்கோ. அரை மணித்தியாலம் வர ஒரு கிழமை, பத்து நாள் செல்லும். ஓடி விளையாடிக் களைச்சு, சலம் பெய்து முடிஞ்ச நேரமாப் பாத்து விட்டா பாதி வேலை லேசு. இந்த வயசில ஒரு நாளைக்கு 18 மணித்தியாலம் மட்டும் நித்திரைதானே கொள்ளும்.

இரவுக்கு இவ்வளவு நாள் பொறுக்க ஏலாது, தெரியும். அதால இரவில கூடு உங்கட பாய்க்குப் பக்கத்தில. கையை நீட்டினா மெஷ் தொட வேணும். மூண்டு நாளைக்கு முன்னம் தாயோடையும் கூடப் பிறந்ததுகளோடையும் ஒட்டிப் படுத்த சீவன், விறாந்தையில தனிய விட்டாக் குழறாமல் என்ன செய்யும்? குட்டி தந்த வீட்டில தாய் படுத்த சீலைத் துண்டொண்டு வாங்கி உள்ளுக்குப் போடுங்கோ. ஒழுங்கா நித்திரை கொள்ளத் தொடங்கி ஒரு கிழமையால, இரண்டு மூண்டு அடியா விலத்தி வைச்சுக் கொண்டு போகலாம்.

தண்ணிமுறிப்பு

இவ்வளவு மினக்கெட வேண்டியதில்லை. குழறட்டும், ஒருத்தரும் எட்டிப் பாராதேங்கோ. மூண்டு இரவில அடங்கும்.

முறிகண்டி_வளவு

அடங்கும்தான் அண்ணை, கூப்பிட்டாலும் ஒருத்தரும் வராயினம் எண்டு விளங்கின பிறகு. அதுக்குள்ள கூட்டைக் கண்டாலே நடுங்கிற குட்டியாப் போயிடும். கம்பியைக் கடிச்சுப் பல்லு உடைக்கிறதும் அப்படிப் பழகினதுகள்தான்.

அதோட 9 கிழமைக் குட்டிக்கு விடியுமட்டும் அடக்க ஏலாது. வயசு மாதத்தோட ஒண்டைக் கூட்டினா எத்தினை மணித்தியாலம் தாங்கும் எண்டு கணக்கு வரும். இரண்டு மாதத்துக்கு மூண்டு மணித்தியாலம், அதுவும் நித்திரையில. பகலில விழிச்சிருக்கேக்க முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெளிய விட வேணும். நித்திரையால எழும்பின உடனையும், சாப்பிட்டு ஐஞ்சில இருந்து இருபது நிமிசத்துக்குள்ளையும் கட்டாயம். பகலில ஒரே மூச்சில ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல பூட்டாதேங்கோ.

நெடுங்கேணி_அக்கா

ஓம், குழறல் எல்லாம் ஒண்டில்லை. பூட்டின உடன அனுங்கிறது எதிர்ப்பு. மெஷ்ஷில விரலை வைச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ, பெரும்பாலும் பத்து நிமிசத்துக்குள்ள ஓயும். ஓயாமல் கூடிக்கொண்டே போய், வீணி வடிச்சு, கதவோட மோதினா அது பயம், திறந்து விட்டுப்போட்டு அடுத்த நாள் பழைய படியில இருந்து தொடங்குங்கோ. நல்லா நித்திரை கொண்டிட்டுச் சாமத்தில எழும்பிச் சுத்திச் சுத்தி மணந்துகொண்டு அனுங்கினா அது சலம். உடன தூக்குங்கோ.

அந்தக் குழறல் வரும்வரை பாத்திருக்கத் தேவையில்லை. 10.30க்கு ஒருக்கா வெளிய விட்டு, 1.30க்கும் 4.30க்கும் அலாரம் வையுங்கோ. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போகோணும், நடந்தா வழியிலயே இருந்திடும். ஒவ்வொரு நாளும் ஒரே இடம், டோர்ச் அடிச்சு நிலத்தைப் பாத்த பிறகுதான் இறக்கிறது. கதையில்லை, விளையாட்டில்லை, ஐஞ்சு நிமிசம் நிண்டு திரும்பக் கூட்டுக்குள்ள. மூண்டு இரவு சுத்தமா இருந்தா அலாரத்தை 20 நிமிசம் பின்னுக்குத் தள்ளுங்கோ.

அந்த இடம் உங்கட வளவுக்குள்ள, ஊர்நாயள் வராத பக்கமா இருக்கோணும். தடுப்பூசி 16 கிழமை மட்டும் மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்காப் போட்டு முடியுமட்டும் றோட்டோரத்தில இறக்காதேங்கோ, பார்வோ எண்ட குடல் நோய்க் கிருமி மண்ணில மாதக்கணக்காக் கிடக்கும். சத்தியோட இரத்தமா வயித்தால போனா அது பழக்கப் பிழை இல்லை, அந்த நாளே மிருக வைத்தியரிட்ட. பூச்சி மருந்தும் இந்த வயசில இரண்டு கிழமைக்கு ஒருக்கா, நிறுத்துப் பாத்து.

கரடிப்போக்கு_22

பலகை போட்டு, கூட்டை உள்ளறைக்கு மாத்தியாச்சு. இன்னும் மூண்டு கேள்வி. சலம் பெய்த மணம் மெஷ்ஷிலையும் நிலத்திலையும் போகுதில்லை, பினைல் போடலாமா? ஈரல் துண்டுக்கு எறும்பு பத்துது. மற்றது, குளத்துப் பக்கம் யானை வந்தா வெடி கொளுத்துவினம், அந்தச் சத்தத்துக்கு என்ன செய்யிறது?

முறிகண்டி_வளவு

பினைல் நாய்க்கு நஞ்சு, காலில பட்டதை நக்கும். முதல்ல வெறும் தண்ணியால வடிவாக் கழுவுங்கோ. பிறகு வினாகிரியும் தண்ணியும் சரிபாதியாக் கலந்து ஊத்திப் பத்து நிமிசம் விட்டுத் துடையுங்கோ. மணம் மிஞ்சினா குட்டி அதையே கக்கூஸ் எண்டு நினைக்கும். பார்வோப் பயத்துக்கு வீட்டு பிளீச் பாவிக்கிறதெண்டா ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி, பத்து நிமிசம், பிறகு கழுவிக் காய விட்டுத்தான் குட்டியை விடோணும். பிளீச்சை வினாகிரியோடையோ சலத்துக்கு மேலையோ ஊத்தாதேங்கோ, வாற புகை நெஞ்சை அடைக்கும்.

எறும்புக்குக் கூட்டின்ர நாலு காலையும் தண்ணி விட்ட சிரட்டையில வையுங்கோ. நாலு நாளுக்கு ஒருக்கா ஊத்திக் கழுவாட்டி நுளம்பு குடம்பி வைக்கும். கூட்டுக்குக் கால் இல்லையெண்டா நாலு செங்கட்டியில ஏத்தி, செங்கட்டிக்குக் கீழ அகலத் தட்டு.

நெடுங்கேணி_அக்கா

வெடிக்கு: போனில வெடிச் சத்தம் ஒண்டைக் காதுக்குக் கேட்டும் கேளாத அளவில போட்டு, உடன கூட்டுக்குள்ள ஈரல் துண்டு குடுங்கோ. சத்தம் முன்னுக்கு, ஈரல் பின்னுக்கு, அந்த ஒழுங்கு மாறக்கூடாது. காது பின்னுக்குப் போனா, தின்னாமல் விட்டா சத்தம் கூடிப்போச்சு, குறையுங்கோ. இரண்டு மூண்டு நாளுக்கு ஒரு புள்ளி கூட்டலாம்.

உண்மை வெடி அதுக்கு முதல் வந்திட்டா கூட்டைத் திறந்து விடுங்கோ, உங்களோட ஒட்டி இருக்கட்டும். தடவினா பயம் பழகிப்போடும் எண்டு சொல்லுறதை நம்பாதேங்கோ. ஆனா அறைக் கதவு பூட்டியிருக்கோணும். வெருண்ட குட்டி வேலிப் பொட்டுக்குள்ளால போனா இருட்டில தேடிப் பிடிக்க ஏலாது.