அப்டேட்: ஏற்காடு அடிவாரத்து வெள்ளைப்பூ மரம் வெட்பாலைதான்

சித்திரையில கேட்டிருந்தேன்ல, அடிவாரத்துல எங்க காட்டு வேலியோரமா நிக்கிற, கிள்ளுனா பால் வர்ற, எதிரெதிர் இலை மரம், வெட்பாலையா குடசப்பாலையான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. லேட்டா வர்றேன், காய்க்காக காத்திருந்தேன்.

இலைய வச்சு என்னால ஒண்ணும் முடிவு பண்ண முடியல, ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியுது. "காய் நுனியப் பாரு"ன்னு ஒருத்தர் சொன்னீங்கல்ல, அதான் வேலை செஞ்சுது. ஜோடி ஜோடியா நீளமா தொங்குது, பிஞ்சுல ரெண்டு நுனியும் ஒட்டிக்கிட்டு இடுக்கி மாதிரி இருக்கு, முத்தினப்புறம்தான் பிரியுது. குடசப்பாலையில ஆரம்பத்துலயே தனித்தனியா இருக்கும். அப்புறம் போட்டோவ பெருசாக்கிப் பார்த்தா பூ நடுவுல நார் நாரா குஞ்சம், அதுவும் வெட்பாலைக்குத்தான்.

எதிர்பாக்காதது என்னன்னா விதை. வெடிச்ச காய்ல பஞ்சு விதையோட காம்புப் பக்க முனையில இருந்துச்சு, குடசப்பாலையில நுனிப்பக்கம் இருக்குமாம், இத யாரும் சொல்லல.

அம்மா நம்பாம இலையக் கிள்ளி தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வச்சாங்க, எண்ணெய் கத்திரிப்பூ கலர் ஆயிடுச்சு, வெட்பாலை இலைன்னா அப்படித்தான் ஆகும். அதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க.