எங்கள் கட்டுத்தரையில் காசநோய்

பவானி பக்கம், எங்களிடம் 5 மாடுகள். அதில் ஒரு கலப்பின மாடு, மூன்றாம் ஈத்து, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. அடர்தீவனத்தைக் கூட்டினோம், குடற்புழு மருந்து கொடுத்தோம். விலா எலும்பு தெரிவது நிற்கவில்லை. விடியற்காலையில் எழுப்பி நிறுத்தியதும் இருமும். சளி என்றே இருந்துவிட்டோம்.

அதே சமயம் 6 வயது மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலி இல்லை. இரண்டு மாதமாகியும் கரையாமல், தொட்டால் நெல்லிக்காய் மாதிரி உருண்டது. ஊசி குத்தி எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள். வீட்டில் ஒருவருக்கும் இருமல் கிடையாது. யாரிடமிருந்து வந்தது என்று குழம்பி நின்றபோது மாட்டு டாக்டர்தான் கேட்டார், "பையன் பச்சைப் பால் குடிப்பானுங்களா?"

குடிப்பான். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்று மாமனார் கறந்த சூட்டோடு, நுரை அடங்கும் முன்பே தினமும் ஒரு டம்ளர் கொடுப்பார்.

டாக்டர் மாட்டின் கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழித்து, தோலின் தடிமனை அளந்துவிட்டு சோதனை ஊசி போட்டார். ஒன்று மாட்டுக் காசநோய்க்கு, மற்றது பறவைக் காசநோய்க்கு. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு கிருமிகளால் முடிவு தவறிவிடாமலிருக்க இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். 72 மணி நேரம் கழித்து வந்து மறுபடி அளந்தார். முதல் இடம் மற்றதைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் நோய் என்று கணக்கு. எங்கள் மாட்டுக்கு அளக்கவே தேவைப்படவில்லை, அவ்வளவு வீக்கம்.

"சந்தைக்கு ஓட்டிவிடு" என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்குகிறவர் வீட்டிலும் டம்ளரோடு ஒரு பிள்ளை நிற்குமே. தனியாகக் கட்டினோம், தண்ணீர்த்தொட்டியைப் பிரித்தோம். அதன் பாலை சொசைட்டிக்கு ஊற்றவில்லை, கன்றுக்கும் விடவில்லை.

மாட்டின் சோதனை முடிவை மகனுடைய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். இதைத் தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள். வழக்கமான பரிசோதனையில் காசநோய் என்று தெரியும், ஆனால் மாட்டு வகையா மனித வகையா என்று பிரித்துக் காட்டாது. முதலில் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு மாட்டு வகையிடம் வேலை செய்யாது. எங்கள் டாக்டர் விஷயம் தெரிந்ததும் மருந்து சாப்பிடும் மாதங்களை நீட்டினார்.

மறுமொழி, நாமக்கல்லிலிருந்து:
அக்கா, எங்களுக்கு இது தலைகீழாக நடந்தது. பால் கறக்க வந்த அண்ணனுக்குச் சளியில் காசநோய் உறுதியானது. மனிதரின் கிருமியும் மாட்டைத் தொற்றும் என்று டாக்டர் சொல்ல, மாடுகளைச் சோதித்தோம். ஒன்றுக்கு வீங்கியது. அண்ணன் மருந்து முடித்து நன்றாக இருக்கிறார். பாலைக் காய்ச்சினால் போதுமா அக்கா? உங்கள் மாடு என்ன ஆயிற்று?

மறுமொழி:
போதும் தம்பி. பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கியே கிருமியைக் கொல்கிறார்கள், அடுப்பில் பொங்கவிட்டால் தாராளம். காய்ச்சாத பாலில் எடுத்த வெண்ணெய், தயிர்தான் ஆகாது.

மாடு நாலு மாதத்தில் செத்துப்போயிற்று. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் நிறைய மஞ்சள் கட்டிகள். கத்தி இறங்கும்போது மணலை அறுப்பது மாதிரி நறநறவென்று கேட்டது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம். மகனுக்கு நெறி கரைந்துவிட்டது. மீதி நான்கு மாடுகளில் ஒன்றின் மேல் சந்தேகம் இருக்கிறது, 60 நாள் கழித்து மறுபடி சோதனை ஊசி போட வேண்டும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை அதையும் தனியாகத்தான் கட்டியிருக்கிறோம்.