தாத்தாவுக்கு வேலை கொடுத்தும் பேரன் வரலையே! கென்னி பெய்ன் எந்த ஊர் ரெக்ரூட்டர்?

சிவப்புச்சட்டை சேகர்:
பக்கத்து இழையில ஒருத்தர் கொஞ்சமும் கூசாம எழுதியிருக்கார்: "கென்னி பெய்ன் மாதிரி ரெக்ரூட்டர் காலேஜ் பாஸ்கெட்பால்ல இந்தத் தலைமுறையிலேயே கிடையாது. லூயிவில்தான் வச்சுக்கத் தெரியாம அனுப்பிருச்சு." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. ரெக்ரூட்டர்னா பள்ளிப் பசங்களைத் தேடிப் பிடிச்சு காலேஜ் டீமுக்குச் சேர்க்கிறவர். பெய்ன் எங்க லூயிவில் காலேஜ் ஹெட் கோச்சா இருந்தது ரெண்டு சீசன், 64 ஆட்டம், 12 வெற்றி. முதல் வருஷம் 4-28, நாலு வெற்றி, 28 தோல்வி. எங்க காலேஜ் வரலாற்றுல ஒரே சீசன்ல இத்தனை தோல்வி அதுக்கு முன்னாடி கிடையாது. சரி, அது கோச்சிங், ரெக்ரூட்டிங் வேறன்னு ஆரம்பிப்பீங்க. ரெக்ரூட்டிங்கே பேசுவோம். 2022-ல ஹெட் கோச்சா வந்ததும் மில்ட் வாக்னருக்கு ஸ்டாஃப்ல ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். மில்ட் யாரு? அப்ப நாட்டிலேயே பள்ளி ஆட்டக்காரங்கள்ல முதல் வரிசையில இருந்த டிஜே வாக்னரோட சொந்தத் தாத்தா. பேரன் எங்க போனான்? 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற லெக்சிங்டனுக்கு. அதுவும் எங்க பரம எதிரி கென்டக்கி காலேஜுக்கு! தாத்தா உங்க ஆபீஸ்ல, பேரன் எதிரி ஜிம்ல. இவர் தலைசிறந்த ரெக்ரூட்டராம்.

நீலக்கொடி நாதன்:
எழுதினது நான்தான் சேகர் அண்ணே, பேரைச் சொல்லியே திட்டலாம். 2010-ல இருந்து 2020 வரைக்கும் கென்டக்கி ஹெட் கோச் கலிபாரி பக்கத்துல அசிஸ்டென்டா உக்காந்திருந்தவர் பெய்ன். அந்தப் பத்து வருஷத்துல கென்டக்கிக்கு வந்த உயரமான பசங்களை எண்ணுங்க: ஆந்தணி டேவிஸ், நெர்லன்ஸ் நோயல், ஜூலியஸ் ராண்டில், வில்லி காலி ஸ்டைன், கார்ல் ஆந்தணி டவுன்ஸ், பாம் அடேபாயோ, பிஜே வாஷிங்டன். அத்தனை பேரும் அப்புறம் தொழில்முறை லீக் என்பிஏ போனவங்க. 2012 தேசியத் தொடர் ஃபைனல் ஞாபகம் இருக்கா? கான்சாஸ் எதிர்ல டேவிஸ் பத்து ஷாட்ல ஒண்ணே ஒண்ணுதான் போட்டான். ஆனா 16 ரீபவுண்ட் (தவறின பந்தைப் பிடிச்சது), 6 பிளாக் (எதிரி ஷாட்டைத் தடுத்தது), தொடரோட சிறந்த ஆட்டக்காரன். பாயிண்ட் எடுக்காமலே ஒரு ஆட்டத்தை ஆளலாம்னு 19 வயசுப் பையனுக்குத் தானா தெரியாது. அந்தப் பசங்களோட ஜிம்ல மல்லுக்கட்டினவர் யாருன்னு அவங்களையே கேளுங்க.

சிவப்புச்சட்டை சேகர்:
தம்பி, மல்லுக்கட்டினது கோச்சிங். கூட்டிட்டு வந்தது யாரு? கலிபாரி. 2009-ல ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ் வந்தப்ப பெய்ன் கென்டக்கியிலயே இல்ல, ஆரிகன்ல எர்னி கென்ட்கிட்ட அஞ்சு வருஷம் அசிஸ்டென்டா இருந்து முடிச்சிருந்தார். அதுக்கும் முன்னாடி கலிபாரி மெம்ஃபிஸ் காலேஜ்ல இருந்தப்ப டெரிக் ரோஸ், டைரிக் எவன்ஸ். அங்கேயும் பெய்ன் இல்ல. கலிபாரி கதவைத் தட்டினா எந்த வீட்லயும் திறப்பாங்க, கூட யார் நின்னாலும். தனியா போய்த் தட்டினப்ப என்ன ஆச்சு? பேரன் வரலை.

மீனா டர்ஹம்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ரெக்ரூட்டர் என்றால் எதைச் சொல்கிறீர்கள்? ஜூலை மாதம் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் என்ற பள்ளிப் பையன்களின் போட்டி நடக்கும்போது கேலரியில் உட்கார்ந்து ஆளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அம்மாவிடமும் பள்ளிக் கோச்சிடமும் வருஷக்கணக்கில் பேசிச் சம்மதிக்க வைப்பது இன்னொரு வேலை. "இவரிடம் போனால் என்பிஏ போகலாம்" என்று அடுத்த பையனை நம்ப வைக்கும்படி முந்தைய பையனைத் தேற்றிவிடுவது மூன்றாவது. பெய்ன் மூன்றாவதில் பெரிய ஆள், இரண்டாவதில் கலிபாரியின் பெயர் தேவைப்பட்டது என்று சொன்னால் சண்டையே இல்லையே.

சிவப்புச்சட்டை சேகர்:
மேடம், நீங்க பாடம் எடுங்க, நல்லா இருக்கு. ஆனா பேரன் வரலை.

நீலக்கொடி நாதன்:
அண்ணே, ஒரே பல்லவியைப் பாடாதீங்க. பெய்ன் 2020 ஆகஸ்ட்ல என்பிஏ டீம் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். அடுத்த சீசன் கென்டக்கி 9-16! 1989-க்கு அப்புறம் அங்க தோல்வி கணக்கு ஜாஸ்தியான முதல் சீசன் அதுதான். அதே வருஷம் நிக்ஸ்ல ராண்டில் ஆல் ஸ்டார் ஆனார், அதிக முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆள் போன இடம் துளிர்க்குது, விட்டுட்டு வந்த இடம் வாடுது. இதெல்லாம் தற்செயலா?

சிவப்புச்சட்டை சேகர்:
2020-21 கோவிட் வருஷம். காலி ஸ்டேடியம், கோடைப் பயிற்சி கிடையாது, பாதி ஊர் தடுமாறின வருஷம். அதுக்கு அடுத்த வருஷத்தை ஏன் சொல்லலை? பெய்ன் இல்லாமலே ஆஸ்கர் ஷீப்வே வெஸ்ட் வர்ஜீனியாவுல இருந்து மாறி வந்து, ஆட்டத்துக்கு 15 ரீபவுண்ட் எடுத்து, நாட்டோட சிறந்த ஆட்டக்காரர் ஆனார். உயரமான பசங்களுக்குப் பெய்ன்தான் சாமின்னா அந்தச் சாமி இல்லாம இது எப்படி நடந்துச்சு?

பாலைவனப் பூனை:
அசிஸ்டென்டா இருந்து ஹெட் கோச் ஆனவங்களைப் பத்திப் பேசுறப்ப டாமி லாய்டை விட்டுட்டா எப்படி? கொன்சாகாவுல 20 வருஷம் மார்க் ஃபியூகிட்ட அசிஸ்டென்ட். போலந்துல இருந்து கார்னோவ்ஸ்கி, லித்துவேனியாக்கார சபோனிஸ், ஜப்பான்ல இருந்து ஹாச்சிமுரா. யாருமே தேடாத ஊர்ல தேடினவர். 2021-ல அரிசோனா வந்தார், முதல் சீசன் 33-4, அந்த வருஷத்துச் சிறந்த கோச். ரெக்ரூட்டர்னா அவர்.

நீலக்கொடி நாதன்:
அடுத்த வருஷம் மார்ச் மாசத் தேசியத் தொடர்ல, தரவரிசையில அடியில (15-ஆம் சீட்) இருந்த பிரின்ஸ்டன்கிட்ட முதல் ரவுண்டிலேயே கவுந்ததையும் சேர்த்துச் சொல்லிடுங்க பூனையாரே.

பாலைவனப் பூனை:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க ஆள் பெல்லர்மின்கிட்ட தோத்தவர். அது அவர் ஊர்லயே இருக்கிற சின்ன காலேஜ், 2020-ல தான் பெரிய காலேஜ்கள் ஆடுற முதல் டிவிஷனுக்கே வந்துச்சு. நீங்க பிரின்ஸ்டனைப் பத்திப் பேசுறீங்களா?

நீலக்கொடி நாதன்:
அந்த ஆட்டத்தை எடுத்தது நல்லதாப் போச்சு. பெல்லர்மின் 67-66. ரைட் ஸ்டேட் 73-72. அப்பலாச்சியன் ஸ்டேட் 61-60. முதல் மூணு ஆட்டமும் ஒரு பாயிண்ட்ல போனது. மூணும்! மூணு பந்து உள்ள விழுந்திருந்தா 3-0. அந்த நம்பிக்கையில சீசனே வேற மாதிரி போயிருக்கும். இதை எந்த லூயிவில்காரரும் சொல்ல மாட்டாங்க.

சிவப்புச்சட்டை சேகர்:
ஒரு பாயிண்ட்ல தோத்தா அது தோல்வி இல்லையா? அதுக்கப்புறம் இன்னும் ஆறு ஆட்டம் தோத்து 0-9. அதெல்லாம் ஒரு பாயிண்ட்லயா? சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டாம் டிவிஷன் லெனுவார் ரைன்கிட்ட பயிற்சி ஆட்டத்துல வாங்கினதைப் பத்தி நான் வாயே திறக்கலை. மறு வருஷம் கென்டக்கி வெஸ்லியன்கிட்ட வாங்கினதையும்.

ஓரத்து சீட்டு:
மன்னிக்கணும், பழைய இழைகளைக் கிளறிக்கிட்டு இருந்தேன். 2022 மார்ச்சில "நம்ம வீட்டுப் பிள்ளை வீடு திரும்பிட்டான், இனி பாருங்கடா"ன்னு பதினோரு ஆச்சரியக்குறி போட்டு எழுதின பெருமகன் யாருன்னு பார்த்தா... சிவப்புச்சட்டை சேகர்.

சிவப்புச்சட்டை சேகர்:
எழுதினேன், இப்பவும் அதுல ஒரு வார்த்தை தப்பில்ல. வீட்டுப் பிள்ளைதான். பழைய கோச் டென்னி கிரம் காலத்து ஆள். 1986-ல டியூக்கை 72-69-ல ஜெயிச்சுக் கோப்பை எடுத்த டீம்ல முதலாமாண்டு மாணவன். 1989 என்பிஏ தேர்வுல பிலடெல்பியா டீம் 19-ஆவதா எடுத்துச்சு. ஊரே கொண்டாடிச்சு, நானும் கொண்டாடினேன். வீட்டுப் பிள்ளைன்னா வீட்டை எரிக்கலாமா? உனக்கு வேற பொழப்பு இல்லையா, ஓரமா உக்காந்து அடுத்தவன் குப்பையைக் கிளர்றதுதான் வேலையா?

ஓரத்து சீட்டு:
குப்பைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு வேலை மிச்சம்.

நீலக்கொடி நாதன்:
பேரன் விஷயத்துக்கே வர்றேன், அப்பவாவது அண்ணன் ஆறுறாரா பார்ப்போம். ஒண்ணு, டிஜேயோட அப்பா டஜுவான் 2001-02-ல மெம்ஃபிஸ்ல கலிபாரிகிட்ட ஆடினவர். அப்பவும் இதே மில்ட் அங்க ஸ்டாஃப்ல இருந்தார். அதாவது அந்தக் குடும்பத்துக்கும் கலிபாரிக்கும் இருபது வருஷப் பழக்கம். ரெண்டு, லூயிவில் அடிடாஸ் காலேஜ், பத்து வருஷம், 16 கோடி டாலர் ஒப்பந்தம். டிஜே 2022 அக்டோபர்ல நைக்கியோட கையெழுத்துப் போட்டவன். கென்டக்கி நைக்கி. மூணு, பழைய எஃப்பிஐ வழக்கு, ஆள் சேர்க்கப் பணம் கைமாறின விவகாரம். முன்னாள் கோச் பிட்டினோ காலத்துப் பாவம் ஊர் தலைமேல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மார்ச் தொடர்ல ஆடவே விடமாட்டாங்களோன்னு ஒவ்வொரு பெத்தவங்களும் கேட்ட காலம். இந்த நிலைமையில யாரு போனாலும் வந்திருக்க மாட்டான்.

சிவப்புச்சட்டை சேகர்:
வா தம்பி, தேதியோட பேசுவோம். அந்த வழக்குல தீர்ப்பு 2022 நவம்பர் 3. என்ன தண்டனை? ரெண்டு வருஷம் கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம். தொடர்ல ஆடத் தடை இல்லவே இல்ல. 5,000 டாலர்! நவம்பர் 14-ல டிஜே கென்டக்கின்னு அறிவிக்கிறான். பதினோரு நாள் இருந்துச்சு. மேகம் விலகிருச்சு, தாத்தா பக்கத்து ரூம்ல இருக்கார், அந்தப் பதினோரு நாள்ல என்ன கிழிச்சார்? பெல்லர்மின்கிட்ட தோத்தார், ரைட் ஸ்டேட்கிட்ட தோத்தார். பையன் பார்த்தான், கிளம்பிட்டான். நைக்கி மேல பழி போடாத. பாஸ்கெட்பால் தெரிஞ்ச பையன், அவ்வளவுதான்.

நீலக்கொடி நாதன்:
பதினோரு நாள்ல முடிவெடுத்தான்னு நம்புறீங்களா? ரெண்டு வருஷமா நடந்த பேச்சு அது. பெய்ன் வேலைக்குச் சேர்ந்ததே அந்த மார்ச்சில.

சிவப்புச்சட்டை சேகர்:
அப்ப தாத்தாவை எதுக்கு எடுத்தீங்க?

நீலக்கொடி நாதன்:
1986 டீம்ல கூட ஆடின கூட்டாளி. ஊர் மதிக்கிற பெரிய மனுஷன். பேரன் இல்லைன்னாலும் கௌரவிக்க வேண்டியவர். இதைப் போய்க் கொச்சைப்படுத்துறீங்களே, லூயிவில்காரரா இருந்துக்கிட்டு.

சிவப்புச்சட்டை சேகர்:
மில்ட்டை நான் கொச்சைப்படுத்தினேனா? எங்க? வரியைக் காட்டு. மில்ட் வாக்னர் எங்க ஊர் ராஜா. அவரைத் தூண்டில்ல மாட்டினது உங்க பெய்ன். மீனும் மாட்டலை.

மீனா டர்ஹம்:
ஜான் ஷையரைப் பற்றி யாருமே பேசவில்லை. அவரும் அசிஸ்டென்டாக இருந்து ஆள் சேர்த்தவர்தான். டியூக்கின் பழைய கோச், கோச் கே என்ற மலைக்குப் பக்கத்தில் நின்றவர்தான். 2022-இல், பெய்ன் ஹெட் கோச் ஆன அதே வருஷம், டியூக்கைப் பொறுப்பெடுத்தார். முதல் சீசனில் 27 வெற்றி, ஏசிசி (டியூக், லூயிவில் ஆடும் லீக்) கோப்பை. 2025-இல் ஃபைனல் ஃபோர், அதாவது தேசியத் தொடரின் அரையிறுதி. "பெரிய கோச்சின் நிழல்" என்பதை வைத்து மட்டும் பெய்னுக்கு நடந்ததை விளக்க முடியாது.

ஓரத்து சீட்டு:
டியூக் கொடுக்கிற பணத்துக்கும் பேருக்கும் நான் போனாலும் 20 ஜெயிப்பேன் மேடம்.

மீனா டர்ஹம்:
போய்ப் பாருங்கள். பழைய இழையைத் தேடுவது போல சுலபமாக இருக்காது.

நீலக்கொடி நாதன்:
ஷையருக்கு ஆலமரம் கொடுத்தாங்க. பெய்னுக்குக் கரிக்கட்டை. 2017-ல பிட்டினோ நீக்கம், 2018-ல 2013 கோப்பையே ரத்து, கொடியை இறக்கினாங்க. 2022 ஜனவரியில அப்ப கோச்சா இருந்த கிறிஸ் மேக்கும் போயிட்டார். வந்தவர் கையில என்ன இருந்துச்சு?

சிவப்புச்சட்டை சேகர்:
2013 பத்திப் பேசாத. மிச்சிகனை 82-76-ல ஜெயிச்சதை நான் கண்ணால பார்த்தவன். கொடியை இறக்கலாம், ஆட்டத்தை யாரும் இறக்க முடியாது. அப்புறம் கரிக்கட்டைன்னியே, பெய்னுக்கு அப்புறம் அதே கரிக்கட்டையை வாங்கின பேட் கெல்சி முதல் வருஷமே என்ன பண்ணார்? 27-8. ஏசிசியில 18-2. பெய்ன் ரெண்டு வருஷமும் சேர்த்து ஏசிசியில 5-35. சார்ல்ஸ்டன்ல இருந்து வந்த மனுஷன், கையில ஒரு தாத்தாவும் இல்லாம, புது டீமையே கட்டினார். விஸ்கான்சின்ல இருந்து ஹெப்பர்ன், ஜேம்ஸ் மேடிசன்ல இருந்து எட்வர்ட்ஸ். அதுதான் ரெக்ரூட்டிங்.

நீலக்கொடி நாதன்:
அது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், காலேஜ் மாற நினைக்கிற பசங்க பேர் கொடுக்கிற பட்டியல். பணம் கொடுத்து வாங்கினது.

சிவப்புச்சட்டை சேகர்:
போர்ட்டல் பெய்னுக்கு மட்டும் பூட்டி வச்சிருந்துச்சா? வீட்டுக்கு அனுப்பறதுக்கே 80 லட்சம் டாலர் கொடுத்தாங்க அவருக்கு. பணத்தைப் பத்தி நீ பேசாத. 2023-ல வர்றேன்னு கையெழுத்துப் போட்ட டிரென்டின் ஃப்ளவர்ஸ் ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிட்டான். வர்றேன்னு சொன்னவனையும் தக்க வைக்க முடியலை.

பாலைவனப் பூனை:
கலிபாரியோட இன்னொரு அசிஸ்டென்ட் ஆன்டிகுவாவும் இப்படித்தான். சவுத் ஃப்ளோரிடாவுல 23-55. அந்தப் பெஞ்சிலயே ஏதோ கோளாறு.

நீலக்கொடி நாதன்:
டேவிஸைக் கூட்டிட்டு வந்ததுக்கு ஆன்டிகுவாவும் காரணம்னு சேகர் அண்ணன் இன்னும் சொல்லலை, நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. கடைசியா ஒண்ணு. 2024-ல கலிபாரி ஆர்கன்சா போனார், பெய்னும் அங்க போனார். டிஜே வாக்னர் எங்க போனான்? ஆர்கன்சா! பேரன் வந்துட்டான் அண்ணே. பெய்ன்கிட்டதான் வந்தான். இப்ப என்ன சொல்றீங்க?

சிவப்புச்சட்டை சேகர்:
கலிபாரி பின்னாடி வந்தான். பெய்னும் கலிபாரி பின்னாடி வந்தார். ஒரே பஸ்ல ரெண்டு பேர் ஏறினா ஒருத்தர் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்ததா அர்த்தமா?

ஓரத்து சீட்டு:
அந்த பஸ்ல தாத்தா இருந்தாரா?

சிவப்புச்சட்டை சேகர்:
உன்கிட்ட யாரும் கேக்கலை.

பாலைவனப் பூனை:
நாதன், பிரின்ஸ்டனைச் சொல்லிக் காட்டினீங்களே, நான் மறக்கலை. 2022-ல உங்க கென்டக்கி ரெண்டாம் சீட், செயின்ட் பீட்டர்ஸ்கிட்ட முதல் ரவுண்ட்லயே தோத்துச்சு. 2024-ல ஓக்லண்ட்கிட்ட. அப்ப வாய் எங்க போச்சு?

நீலக்கொடி நாதன்:
அப்ப பெய்ன் கென்டக்கியில இருந்தாரா? இல்லையே! நான் முதல்ல இருந்து சொல்றதே அதுதானே! அவர் போனதுக்கு அப்புறம்தான் இந்தக் கேவலமெல்லாம்!

சிவப்புச்சட்டை சேகர்:
செயின்ட் பீட்டர்ஸ் ஆட்டம் 2022 மார்ச் 17. மறுநாள் 18-ஆம் தேதி எங்க ஊர்ல பெய்னை மேடை ஏத்தி மாலை போட்டாங்க. ஒரே வாரத்துல ரெண்டு ஊருக்கும் சனி பிடிச்சிருக்கு, உனக்கு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வர்றேன், லெனுவார் ரைன் கதையை அப்ப வச்சுக்கலாம். ஓடிப் போயிடாத.